எறும்பின் பெயர் தெரிந்தால் என்ன பயன்?

அல்குர்ஆனின் 27ஆவது அத்தியாயத்துக்கு 'அந்நம்ல்', அதாவது எறும்பு என்று பெயர். சுலைமான் நபியவர்களின் (அலை) படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, "அவர்கள் அறியாமலே நம்மை மிதித்துவிடக்கூடும்" என்ற கருத்தில் தன் கூட்டத்தை எச்சரித்த சம்பவம் மத்ரஸா போகும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அறியாமல் மிதிப்பது என்பது அன்றோடு முடிந்த விசயமல்ல.

எங்கள் நாட்டு எறும்புகளை இனங்காண உதவிய பழைய நூல்களில் முக்கியமானது, 1903இல் லண்டனில் வெளியானது. இலங்கையையும் பர்மாவையும் சேர்த்து, பிரித்தானிய இந்தியாவின் விலங்குகளைப் பற்றி வந்த நூல் வரிசையில் அது ஒரு தொகுதி. எழுதியவர் சார்ள்ஸ் தோமஸ் பிங்ஹாம், இராணுவ அதிகாரியாக இருந்து பர்மாவில் வன இலாகாவில் பணியாற்றியவர்.

இப்படியான நூல்களின் உயிர்நாடி, நாங்கள் விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிக்கும் இணைக்கவர்ச் சுட்டிதான். இடையில் ஒரு கணுவா, இரண்டா? கொடுக்கு உண்டா, இல்லையா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு கூட்டத்தை விலக்கிவிடும். முசுறுக்கு ஒரு கணு, கொடுக்கு இல்லை. அது கடித்துவிட்டு, கடிவாயில் அமிலத்தைப் பீய்ச்சும். நெருப்பெறும்புக்கு இரண்டு கணு. அது உண்மையாகவே கொட்டும். இரண்டும் சுள்ளென்றுதான் எரியும், ஆனால் காரணம் வேறு.

பெயரிடுவதன் பெறுமதிக்கு எங்கள் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1893இல் இத்தாலிய அறிஞர் கார்லோ எமெரி, இலங்கையிலிருந்து கிடைத்த ஒரு சிறிய எறும்புக்கு 'அனியூரெட்டஸ் சைமோனி' என்று பெயர் வைத்தார். அதன் இனத்தார் பால்டிக் பகுதியில், கல்லாகிப்போன மரப்பிசினுக்குள் கிடைத்திருக்கிறார்கள். இன்று அந்தத் துணைக்குடும்பத்தில் உயிரோடு எஞ்சியிருப்பது இந்த ஒரே இனம், அதுவும் இலங்கையில் மட்டும்.

1955இல் ஈ. ஓ. வில்சன் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர் அதைத் தேடி இங்கு வந்தார். கண்டி உடவத்தகெலேயில் தேடினார், கிடைக்கவில்லை. இரத்தினபுரிப் பக்கக் காட்டில் கண்டுபிடித்தார். பெயரும் விபரமும் எழுதப்பட்டிருந்ததால்தான் அறுபது வருடம் கழித்தும் ஒருவர் தேடி வர முடிந்தது. இன்று அது மிக ஆபத்தான அழிவு நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. காடு போனால் அதுவும் போய்விடும்.

2014இல் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ரீயானி டயஸ் எழுதிய இலங்கை எறும்புகள் பற்றிய நூல் வெளிவந்தது. வெளிநாட்டார் தொடங்கிய வேலையை எங்கள் நாட்டவரே கையிலெடுத்தது பெரிய விசயம். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளிடம் முசுறு, கட்டெறும்பு, நெருப்பெறும்பு என்று பெயர்கள் ஏற்கெனவே உண்டு.

ஆசிரிய நண்பர்களே, ஒரு கைவில்லையும் பாடசாலை வளவும் போதும். பிள்ளைகளே தமிழில் ஒரு சுட்டி தயாரிக்கட்டும். உங்கள் ஊரில் வழங்கும் எறும்புப் பெயர்களைக் கீழே எழுதுங்கள், அதிலிருந்தே தொடங்கலாம்.