மரையின் அடிப்பக்கம்: மாசுபட்ட பல் இம்ப்ளான்ட்டைச் சுத்தம் செய்யும் முறைகளின் வரலாறு

தாடை எலும்பில் பதித்த டைட்டானியம் திருகைச் சுற்றி ஈறு சிவந்து, சீழ் கசிந்து, எலும்பு கரையத் தொடங்கும் நோய்க்குப் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்று பெயர். எலும்பு மீண்டும் திருகைப் பற்றிக்கொள்ள வேண்டுமானால், முதலில் திருகின் மேல் படிந்த நுண்ணுயிர்ப் படலம் போக வேண்டும். அதைப் போக்கக் கடந்த நாற்பது ஆண்டுகளில் அமிலம், ஆன்டிபயாடிக், லேசர், பொடித்தூவல், மின்சாரம் என்று எல்லாமே முயன்று பார்க்கப்பட்டன. இந்த முயற்சிகளின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், எந்த மருந்து கிருமியைக் கொல்லும் என்பதைவிட எந்தக் கருவி அந்த இடத்தை எட்டும் என்பதே உண்மையான சிக்கலாக இருந்து வந்தது தெரிகிறது. ஆய்வாளர்கள் இதை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பெர்-இங்வர் பிரோனெமார்க் 1965இல் முதல் நோயாளிக்குப் பதித்த திருகுகள் கடைசல் இயந்திரத்தில் திருப்பி எடுத்தவை. அவற்றின் பரப்பு ஏறக்குறைய வழவழப்பானது. அன்றைய நோயாளிகளில் பெரும்பாலோர் பல் முழுவதும் இழந்தவர்கள். அவர்களுக்குப் பொருத்திய பல்வரிசை ஈறின் மேல் அழுந்தாமல் சற்று உயர்ந்து நின்றதால், அடியில் தூரிகை எளிதாகப் போய்வரும். 371 நோயாளிகளின் பதினைந்தாண்டு அனுபவத்தைத் தொகுத்து 1981இல் வெளியான கோத்தன்பர்க் அறிக்கையும், அடுத்த ஆண்டு டொரண்டோவில் ஜார்ஜ் சார்ப் கூட்டிய மாநாடும் இந்த முறையை உலகெங்கும் கொண்டுசென்றன. தோற்றுப்போன திருகுகளுக்கு அப்போது சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் கடிக்கும் விசை மிகுந்தது என்பதே. கிருமிக்கு அந்த விளக்கத்தில் பெரிய இடமில்லை.

1987இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து அந்திரேயா மொம்பெல்லியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்த நிலையை மாற்றியது. நல்ல நிலையில் இருந்த இம்ப்ளான்ட்டுகளைச் சுற்றியும் தோற்றுக்கொண்டிருந்தவற்றைச் சுற்றியும் இருந்த கிருமிக் கூட்டங்கள் வெவ்வேறானவை. தோற்றவற்றில் இருந்தது பல்லீறு நோயில் காண்பதை ஒத்த கூட்டம். 1993இல் இட்டிங்கனில் நடந்த ஐரோப்பியப் பட்டறை, ஈறோடு நிற்கும் அழற்சியையும் எலும்பைக் கரைக்கும் அழற்சியையும் பிரித்து வரையறுத்தது. நோய் இன்னதென்று தெளிந்த அதே ஆண்டுகளில் திருகின் பரப்பும் வேகமாக மாறிக்கொண்டிருந்தது.

சொரசொரப்பு வந்த கதை

கடைசல் பரப்பில் எலும்பு பிணைய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மென்மையான எலும்பில் தோல்வியும் கூடுதல். எனவே பெர்னில் ஆந்திரே ஷ்ரோடர் குழு 1970களிலேயே உருக்கிய டைட்டானியத் துகளைத் தெளித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கியது. பிறகு ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு வந்தது. 1990களில் மணல் வீசி அமிலத்தில் அரித்தெடுத்த பரப்பு வந்து சந்தையைப் பிடித்தது. இன்று விற்கும் பெரும்பாலான இம்ப்ளான்ட்டுகளின் சராசரிச் சொரசொரப்பு 1 முதல் 2 மைக்ரான் வரை. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் குறுக்களவும் ஏறத்தாழ ஒரு மைக்ரான்தான். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரினன் குழு 1990களின் நடுவில் காட்டியபடி, 0.2 மைக்ரானுக்குக் கீழே எவ்வளவு மெருகேற்றினாலும் படலம் மேலும் குறைவதில்லை. அந்த அளவைத் தாண்டினால் சொரசொரப்பு கூடக்கூடப் படலமும் கூடும். எலும்புக்காகச் செதுக்கிய குழிகள் கிருமிக்கும் குடியிருப்பாயின.

சுத்தம் செய்யும் முறைகளோ இன்னும் பழைய பரப்பையே மனத்தில் கொண்டிருந்தன. எஃகுக் கியூரெட் (சுரண்டும் கைக்கருவி) டைட்டானியத்தைக் கீறுகிறது, பிளாஸ்டிக் கியூரெட் கீறுவதில்லை என்று 1990இல் ஓர் ஆய்வகச் சோதனை காட்டியது. அதன்பின் பிளாஸ்டிக்கே பாதுகாப்பானது என்பது நெடுங்காலம் பாடமாக நிலைத்தது. வழவழப்பான கழுத்துப் பகுதிக்கு அது சரி. சொரசொரப்பான மரையில் பிளாஸ்டிக் தேய்ந்து துணுக்குகளை விட்டுச் செல்கிறதே தவிர, படலத்தை அவ்வளவாக எடுப்பதில்லை. கீறல் விழுமே என்ற அச்சம், அழுக்கு தங்குமே என்ற அச்சத்தை முந்திக்கொண்டது என்றே இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

அமிலத்திலிருந்து உப்புக்கரைசலுக்கு

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரோலண்ட் மெஃபர்ட்டும் அவருடைய சகாக்களும் கேட்ட கேள்வி வேதியியல் சார்ந்தது. கிருமி செத்தாலும் அதன் செல்சுவர் நச்சு டைட்டானியத்தில் ஒட்டிக்கொண்டு எலும்பை அண்டவிடாதே, அதை எப்படி நீக்குவது? அவர்கள் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானது pH 1 அளவிலான சிட்ரிக் அமிலத்தைச் சில நொடிகள் பூசிக் கழுவுவது. டெட்ராசைக்ளின், குளோர்ஹெக்சிடின், ஹைட்ரஜன் பெராக்சைடு என ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குப் பிடித்த திரவத்தைத் தேர்ந்துகொண்டது. ஸ்வீடனில் அறுவை சிகிச்சை, பத்து சதவீதப் பெராக்சைடு, ஆன்டிபயாடிக் மூன்றையும் சேர்த்துச் செய்து ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. 9 பேரின் 26 இம்ப்ளான்ட்டுகளில் 58 சதவீதமே தேறின.

இந்தக் காலத்தின் தீர்க்கமான சோதனைகள் நாய்களில் நடந்தன. இம்ப்ளான்ட்டின் கழுத்தைச் சுற்றி நூல் கட்டி அழுக்கு சேரவிட்டு, எலும்பு கரைந்ததும் நூலை அகற்றிச் சிகிச்சை செய்து, சில மாதம் கழித்துத் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கமான முறை. 2001இல் கோத்தன்பர்க்கில் லெய்ஃப் பெர்சன் குழு ஆன்டிபயாடிக் கொடுத்து, பரப்பை வெறும் உப்புக்கரைசலில் நனைத்த பஞ்சால் துடைத்தது. அமிலமோ கிருமிநாசினியோ பூசவில்லை. மணல் வீசி அரித்த பரப்பில் கரைந்த பகுதியின் 84 சதவீதத்தில் எலும்பு மீண்டும் பிணைந்தது. கடைசல் பரப்பில் 22 சதவீதத்தில் மட்டும். முன்பு கிருமிக்கு வீடாகச் சந்தேகிக்கப்பட்ட அதே சொரசொரப்பு, சுத்தமானதும் எலும்பைத் தாங்கிப் பிடித்தது.

இன்னும் தெளிவூட்டும் சோதனை டப்ளினில் நோயல் கிளாஃபி குழுவுடையது. நாயின் தாடையில் பாதி ஆழம் மட்டும் பதித்து மேற்பகுதியில் அழுக்கு படியவிட்ட திருகுகளைக் கழற்றி எடுத்தார்கள். ஒன்றைச் சிட்ரிக் அமிலத்தாலும், ஒன்றைப் பெராக்சைடாலும், மற்றொன்றைச் சாதாரணப் பல் தூரிகையும் உப்புக்கரைசலும் கொண்டும் சுத்தம் செய்து, தாடையின் எதிர்ப்பக்கத்தில் புதுக்குழியில் முழு ஆழத்துக்குப் பதித்தார்கள். எல்லாவற்றிலும் எலும்பு பிணைந்தது. கடைசல் திருகில் 2003இல் வெளியான இந்த முடிவு, 2008இல் சொரசொரப்புத் திருகிலும் உறுதிப்பட்டது. கிருமி தீண்டிய டைட்டானியம் நிரந்தரமாகக் கெட்டுவிடுவதில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. கையில் பிடித்து எல்லாப் பக்கமும் தேய்க்க முடிந்தால் தூரிகையே போதும்.

வாய்க்குள் அப்படிப் பிடிக்க முடியாது. சூரிக்கில் பிலிப் சார்மன் குழு இம்ப்ளான்ட்டுகளுக்கு மை பூசி, எலும்புக்குழியைப் போலச் செய்த மாதிரிகளில் வைத்துக் கியூரெட், அல்ட்ராசோனிக் கருவி, காற்றோடு பொடியை வீசும் பொடித்தூவல் மூன்றையும் ஒப்பிட்டது. பொடித்தூவலே அதிகம் சுத்தம் செய்தது. அதிலும் மை மிஞ்சியது. மிஞ்சிய இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மரையின் அடிப்பக்கம். ஒவ்வொரு மரை விளிம்பும் தன் கீழே ஒரு நிழலை விடுகிறது. மேலிருந்து வரும் கருவிமுனை அதைத் தாண்டிச் சறுக்கிவிடுகிறது. குழி குறுகலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

2011இல் கோத்தன்பர்க்கிலிருந்தே வந்த இன்னொரு நாய்ச் சோதனை ஆய்வாளர்களைக் குழப்பியது. ஆன்டிபயாடிக் இல்லாமல் சுத்தம் செய்தபோது கடைசல் பரப்பு நன்றாகத் தேறியது. மின்வேதி முறையில் ஆக்சைடைத் தடிக்கவைத்த பரப்பில் எலும்பு மேலும் கரைந்தது. 2001இன் முடிவோடு இது மோதுவதாகத் தோன்றலாம். மோதவில்லை என்பது என் கருத்து: சொரசொரப்புப் பரப்பு சுத்தமானால் எலும்பை வரவேற்கும், ஆனால் சுத்தமாவதுதான் கடினம். மனிதர்களில் இதற்கு ஆதாரம் 2016இல் ஓலிவியர் கர்குவாக் தலைமையில் 100 நோயாளிகளிடம் நடந்த சோதனை. ஓராண்டில் வெற்றி பெற்றவை மொத்தத்தில் 45 சதவீதம். கடைசல் பரப்பில் 79, மாற்றியமைத்த பரப்பில் 34. பரப்பில் பூசிய குளோர்ஹெக்சிடினால், உப்புக்கரைசலோடு ஒப்பிடுகையில், குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜியோஸ் கோட்சாகிஸ் குழு, குளோர்ஹெக்சிடின் டைட்டானியத்தில் ஒட்டிநின்று எலும்புச் செல்களுக்கே தீங்கு செய்வதை ஆய்வகத்தில் காட்டியது.

லேசர், பொடி, மின்சாரம்

லேசர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. Nd:YAG டைட்டானியத்தை உருக்குகிறது. 2940 நானோமீட்டர் அலைநீள Er:YAG பரப்பைக் காக்கிறது, ஆனால் அறுவையின்றிச் செய்தபோது பொடித்தூவலைவிட அது கூடுதலாக எதையும் தரவில்லை. பொடித்தூவலின் மாற்றம் சுவையானது. தொடக்கத்தில் பயன்பட்ட சோடா உப்பு கரடு. பின்னர் கிளைசின், அதன் பின் சுமார் 14 மைக்ரான் அளவிலான எரித்ரிட்டால் வந்தன. இரண்டும் நீரில் கரைந்துவிடும். ஆழமான திசுவில் காற்று புகுந்து வீக்கம் உண்டாகும் ஆபத்து மட்டும் எல்லாவற்றிலும் உண்டு.

இதற்கிடையே மிலானில் யூஜெனியோ ரோமியோ குழு எதிர்த்திசையில் சிந்தித்தது. சுத்தம் செய்ய முடியாத மரையை வைரமுனையால் அராவி வழவழப்பாக்கினால் என்ன? மூன்றாண்டுப் பின்தொடர்தலில் முடிவுகள் நன்றாக இருந்தன. விலை என்னவென்றால், அங்கே எலும்பு திரும்ப வருவதைக் கைவிட்டு ஈறு ஒட்டினால் போதும் என்று ஒப்புக்கொள்வது. டைட்டானியத் தூசி திசுவில் சிதறுவதும், மெல்லிய திருகு பலம் குன்றுவதும் கூடுதல் கவலைகள்.

2019இல் வெளியான மின்பகுப்பு முறை எட்டுதல் என்ற சிக்கலை வேறு வழியில் அணுகியது. பல்தொப்பியைக் கழற்றி, இம்ப்ளான்ட்டையே எதிர்மின்வாயாக இணைத்து, சோடியம் ஃபார்மேட் கரைசலைப் பாய்ச்சிச் சுமார் இரண்டு நிமிடம் மின்சாரம் செலுத்துகிறார்கள். டைட்டானியத்தின் மேலேயே ஹைட்ரஜன் குமிழ்கள் தோன்றிப் படலத்தை அடியிலிருந்து தூக்கிவிடுகின்றன. கரைசல் எட்டும் இடமெல்லாம் மின்சாரமும் எட்டும் என்பதால் மரையின் அடிப்பக்கமும் இதற்கு விலக்கல்ல. மார்கஸ் ஷ்லே குழு 24 நோயாளிகளில் செய்த சோதனையில், எலும்புத்துகள் நிரப்பிப் பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேரிடம் எலும்பு முழுமையாக நிரம்பியிருந்தது. இது சிறிய எண்ணிக்கை. மின்பகுப்பை மட்டும் செய்தவர்களுக்கும் அதற்கு முன் பொடித்தூவலும் செய்தவர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் இரு பிரிவினருக்குமே மின்பகுப்பு செய்யப்பட்டதால், அது இல்லாத சிகிச்சையோடு இந்தச் சோதனை ஒப்பிடவில்லை.

இத்தனைக்கும் பிறகு 2023இல் வந்த ஐரோப்பியப் பல்லீறு மருத்துவக் கூட்டமைப்பின் வழிகாட்டி நெறி எந்த ஒரு கருவிக்கும் மகுடம் சூட்டவில்லை. அறுவையற்ற சிகிச்சையில் தொடங்கி, சில வாரங்களில் மறுபரிசோதனை செய்து, தேறாவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்கிறது. எந்தச் சிகிச்சைக்கும் முன்னதாக அது கேட்கச் சொல்லும் கேள்வி, பல்தொப்பியின் வடிவம் நோயாளியின் தூரிகையை உள்ளே விடுகிறதா என்பது. விடாவிட்டால் தொப்பியைக் கழற்றித் திருத்த வேண்டும். ஸ்வீடனின் பூரோஸ் நகரில் ஜோவன்னி செரினோ 2009இல் கண்டதும் இதுவே: நோய் கண்ட இம்ப்ளான்ட்டுகளில் பெரும்பாலானவை நோயாளியால் சரியாகச் சுத்தம் செய்ய முடியாத வடிவில் தொப்பி பொருத்தப்பட்டிருந்தவை.