அடிக்கு 128 துளைகள்

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் பெண்களே இல்லை என்று படித்திருக்கிறோம். 1913 மே 3 அன்று பம்பாய் கொரனேஷன் அரங்கில் வெளியான அந்த மௌனப்படத்தில், தாராமதியாக, அதாவது நம் கதைகளின் சந்திரமதியாக, நடித்தவர் அண்ணா சாலுங்கே என்ற ஆண். சினிமாவில் நடிக்கப் பெண்கள் முன்வராத காலம் அது. திரையைப் பொறுத்தவரை அந்த வாக்கியம் சரிதான். திரைக்குப் பின்னால் அது பொய்.

1912இல் தாதாசாகேப் பால்கே லண்டன் சென்று கேமராவும் துளையிடும் கருவியும் வாங்கினார். அவருக்குக் கிடைத்த கச்சா ஃபிலிமில் துளைகள் இருக்காது. ஓரங்களில் துளையிட்டால்தான் கேமராவின் பற்கள் அதைப் பிடித்து இழுக்கும். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் பாழாகும் என்பதால் இருட்டறையில்தான் இதைச் செய்ய வேண்டும். இந்த வேலையைக் கற்றுக்கொண்டு செய்தவர் அவருடைய மனைவி சரஸ்வதிபாய்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அடி ஃபிலிமில் 16 ஃபிரேம்கள். ஃபிரேமுக்குப் பக்கத்துக்கு 4 துளைகள். இரண்டு ஓரங்களும் சேர்த்து அடிக்கு 128. படத்தின் நீளம் சுமார் 3,700 அடி. ஒரே ஒரு பிரதிக்கே 4,70,000 துளைகளுக்கு மேல் வருகிறது.

இதோடு நிற்கவில்லை. ஃபிலிம் கழுவ ரசாயனம் கலந்தார். வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்று நடிகர்கள்மீது ஒளியைத் திருப்பினார். அறுபது, எழுபது பேருக்குச் சமைத்தார். பணத்துக்கு நகைகளையும் கொடுத்தார். வெளியாள் செய்திருந்தால் லேப் டெக்னீஷியன், லைட் உதவியாளர், முதலீட்டாளர் என்று தனித்தனியாகப் பெயர் கிடைத்திருக்கும். மனைவி செய்ததால் எல்லாம் சேர்ந்து ‘உறுதுணை’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டது.

அவரைத் தியாகி என்று கொண்டாடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. தியாகம் என்று சொன்னதும் திறமை மறைந்துவிடுகிறது. துளைகளின் இடைவெளி சற்றுப் பிசகினாலும் திரையில் படம் துள்ளும். அந்த இடைவெளியை இருட்டில் காப்பாற்றுவதற்குப் பாசம் போதாது, தேர்ச்சி வேண்டும்.

1969 முதல் பால்கே பெயரில் நாட்டின் உயரிய திரை விருது வழங்கப்படுகிறது. அதை முதலில் பெற்றவர் தேவிகா ராணி என்ற பெண். அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ‘முதல் படத்தில் பெண்கள் இல்லை’ என்று இனி யாராவது எழுதினால், ஃபிலிமின் ஓரங்களைப் பாருங்கள் என்று சொல்வேன்.