செஞ்சி டு நந்தி ஹில்ஸ்: ஒயின் டேஸ்டிங் டூர் போறீங்களா? இதைப் படிச்சிட்டு வண்டி ஏறுங்க!

'ஒயின் டேஸ்டிங் டூர் போலாமா?' என்று நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டிப் பாருங்கள். வரும் முதல் பதில், "எத்தனை ரவுண்டு மச்சி?" என்றுதான் இருக்கும். இன்ஸ்டா ரீல்ஸில் கண்ணாடிக் கோப்பையும் பச்சைத் தோட்டமுமாகப் பார்த்துப் பார்த்து, இதுவும் ஒரு 'சரக்கு ட்ரிப்' என்றே பலர் நினைக்கிறார்கள்.

உண்மையில் இது வேறு விஷயம். திராட்சைத் தோட்டத்தை நடந்து பார்ப்பது, பழம் எப்படி ஒயினாக மாறுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, கடைசியாக நான்கைந்து வகைகளைச் சில மில்லி மட்டும் முகர்ந்து, ருசித்துப் பார்ப்பது. இவ்வளவுதான் டூர். செஞ்சியில் இருப்பவர்கள் இதற்கு எங்கே போகலாம், அங்கே என்ன நடக்கும், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கே போகலாம்?

நமக்குப் பக்கம் என்றால், பெங்களூருக்கு வடக்கே இருக்கும் நந்தி மலை அடிவாரம்தான். திண்டிவனம் - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை செஞ்சி வழியாகத்தான் போகிறது. திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை தாண்டினால் கிருஷ்ணகிரி. நம்ம கோட்டையில் இருக்கும் கிருஷ்ணகிரி மலை இல்லைங்க, கிருஷ்ணகிரி டவுன்! அங்கிருந்து ஓசூர் வழியாக பெங்களூரு. செஞ்சியிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 230 கி.மீ., அங்கிருந்து நந்தி மலைக்கு இன்னும் சுமார் 60 கி.மீ. பெங்களூரு டிராஃபிக்கையும் கணக்கில் சேர்த்தால், ஒரே நாளில் போய் வரும் தூரமல்ல. ஒரு ராத்திரி தங்கும்படிதான் பிளான் போட வேண்டும்.

இந்தப் பகுதியில் பழைய பெயர், குரோவர். கன்வல் குரோவர் 1988-ல் தொடங்கிய நிறுவனம் இது. தொட்டபல்லாபூர் அருகே இருக்கிறது. இப்போது 'குரோவர் ஸாம்பா' என்ற பெயரில் இயங்குகிறது. நேரமும் விடுமுறையும் இருந்தால் மகாராஷ்டிராவின் நாசிக் வரை போகலாம். 1999-ல் ராஜீவ் சமந்த் தொடங்கிய 'சூலா' அங்கேதான். பார்வையாளர்களுக்கான டேஸ்டிங் ரூமை அவர்கள் 2005-ல் திறந்த பிறகுதான், ஒயின் சுற்றுலா என்ற பழக்கமே இந்தியாவில் பரவியது.

"அப்போ நம்ம கம்பம் திராட்சை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், அது முக்கியமாக அப்படியே சாப்பிடுகிற பழம். அங்கே தோட்டம் பார்க்கலாம், பழம் பறிக்கலாம், ஜூஸ் குடிக்கலாம். மது வேண்டாம், திராட்சைத் தோட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்குக் கம்பமே சரியான சாய்ஸ்.

அங்கே விளையுது... செஞ்சியில ஏன் விளையல?

ஒயின் திராட்சைக்குப் பகல் வெயில் வேண்டும், ராத்திரிக் குளிரும் வேண்டும். பகல் வெயிலில் சர்க்கரை ஏறும். ராத்திரி குளிர்ந்தால்தான் பழத்தின் புளிப்பு குறையாமல் நிற்கும். நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். அடிவாரத் தோட்டங்களே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நம்ம ஊரில் பாறையெல்லாம் ராத்திரி வரை அனல் கக்கும். அந்தச் சூட்டில் பழம் இனிக்கலாம், ஆனால் புளிப்பு தங்காது.

இன்னொரு சுவாரஸ்யம். ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் திராட்சைக் கொடி தூங்கிவிடும். நம் நாட்டில் அந்தத் தூக்கம் இல்லை. அதனால் ஒயின் தோட்டங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் ஒன்று, மழை ஓய்ந்த பிறகு ஒன்று. அறுவடை ஆண்டின் முதல் மூன்று நான்கு மாதங்களில் வரும். கொடியில் பழம் தொங்குவதைப் பார்க்கணும் என்றால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போங்கள். மற்ற மாதங்களில் இலையும் கம்பியும்தான் கண்ணில் படும். புக் பண்ணும்போதே "இப்போ கொடியில் பழம் இருக்கா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

ஏன் சின்னக் குழு?

ஆறிலிருந்து பன்னிரண்டு பேர் வரை போனால் போதும். முப்பது பேர் போனால் கைடு சொல்வது பின்னால் நிற்பவர் காதில் விழாது. முகர்ந்து பார்க்க, சந்தேகம் கேட்க, மறுபடி முகர நேரம் வேண்டும். கூட்டத்தில் அது நடக்காது. இன்னொரு வசதியும் உண்டு. பன்னிரண்டு பேர் என்றால் ஒரு டெம்போ டிராவலரில் அடங்கிவிடலாம். டிரைவர் அண்ணன் தனியாக இருப்பதால், ருசி பார்த்த யாரும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டிய அவசியமே வராது.

வார இறுதியில் தோட்டங்களில் நெரிசல் அதிகம். வார நாளில் லீவு கிடைத்தால் அதுதான் பெஸ்ட்.

டூரில் என்ன நடக்கும்?

முதலில் தோட்டம். கைடு கொடி வரிசைகளைக் காட்டுவார். காபர்நே சாவின்யோன், ஷிராஸ், சாவின்யோன் பிளாங்க் என்று பெயர்கள் வந்து விழும். பயப்பட வேண்டாம். பொன்னி, சீரகச் சம்பா மாதிரி இவையும் ரகங்களின் பெயர்கள்தான்.

அடுத்து ஆலை. பழத்தை நசுக்கி, ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். பழத்தின் சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது. நம் வீட்டு இட்லி மாவு பொங்குவதும் ஒரு வகை நொதித்தல்தான். ஒயினில் அதை ஸ்டீல் டேங்குக்குள் வெப்பநிலையை அளந்து அளந்து செய்கிறார்கள். சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது பழத்தின் தோல். அதனால் தோலோடு ஊறவைப்பார்கள். வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்து எடுப்பார்கள். சில வகைகளை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைப்பதால், வெனிலா, புகை, கிராம்பு போன்ற வாசனைகள் ஏறும். 750 மில்லி பாட்டில் ஒன்றுக்குச் சுமார் ஒரு கிலோ திராட்சை தேவை.

கடைசியாக டேஸ்டிங். ஒவ்வொரு வகையிலும் 30 முதல் 50 மில்லி ஊற்றுவார்கள். லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடியும் வரிசை அது. அதை மாற்றாதீர்கள்.

ருசிப்பது எப்படி?

கோப்பையின் காம்பைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடித்தால் கைச்சூட்டில் ஒயின் சூடாகிவிடும். வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். மெதுவாகச் சுழற்றி முகருங்கள். ஒரு சின்ன வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் படரவிட்டு, பிறகு விழுங்குங்கள் அல்லது துப்பிவிடுங்கள்.

ஆமாம், துப்பலாம்! தொழில்முறையாக ஒயின் ருசிப்பவர்கள் துப்பத்தான் செய்வார்கள். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். வெற்றிலை போடும் தாத்தா பாட்டி பக்கத்தில் வைத்திருந்த படிக்கம் நினைவிருக்கிறதா? அதன் கோட் சூட் போட்ட சொந்தக்காரன்தான் இது. துப்பினால் யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள்.

பலருக்குக் கூச்சம் வருவது, "எப்படி இருக்கு?" என்று கைடு கேட்கும் இடத்தில். பக்கத்தில் நிற்பவர் 'பிளாக்பெர்ரி, செடார்' என்று ஆங்கிலத்தில் அடித்துவிடும்போது, நமக்கு வாய் கட்டிக்கொள்ளும். தேவையே இல்லை. சிவப்பு ஒயின் குடித்ததும் ஈறும் நாக்கும் இறுகுகிற மாதிரி ஓர் உணர்வு வரும். 'டேனின்' என்று பெரிய விஷயமாகச் சொல்வார்கள். நமக்கு அது துவர்ப்பு. வாழைப்பூவிலும், கொட்டைப்பாக்கிலும், நாவல்பழத்திலும் சின்ன வயதிலிருந்தே பழகிய சுவை. அறுசுவையில் ஒன்றாக அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறோம். வெள்ளை ஒயினில் கொய்யா, எலுமிச்சைத் தோல், சிவப்பில் நாவல்பழம், மிளகு, மழை விழுந்த மண்... உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். அதில் தப்பு ரைட்டு கிடையாது.

ஒன்று மட்டும் கவனம். அன்றைக்குச் சென்ட் அடிக்காதீர்கள். தலை நிறைய மல்லிப்பூவும் வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒயினின் வாசனை தெரியாது. பாக்கு, மின்ட், காரசாரமான பிரியாணி எல்லாம் டேஸ்டிங் முடிந்த பிறகு.

ஒயின் நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. செஞ்சியிலிருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில் இருக்கிறது புதுச்சேரி. அதை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் ஏற்றிவரப் பயன்பட்ட ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூற்றின் 56-ம் பாடலும் பேசுகிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கப்பலில் வந்து இறங்கிய பொருள்தான் இது.

வீட்டில் கேட்பார்கள்... கேட்கட்டும்!

"குடிக்கிறதுக்கு ஒரு டூரா?" என்று அம்மா கேட்டால் கோபப்படாதீர்கள். நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். இரண்டு இடத்திலும் உயிரைப் பறித்தது மெத்தனால். குடியால் சரிந்த ஒரு குடும்பத்தையாவது அறியாத தெரு இங்கே இல்லை. அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

அதனால் நேர்மையாகவே பேசுவோம். ஒயின் 'ஹெல்த் டிரிங்க்' இல்லை. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற ஃபார்வர்டை நம்பிக் குடிக்கத் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகள், மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள், குடியிலிருந்து மீண்டு வருபவர்கள் ருசி பார்ப்பதைத் தவிர்ப்பதே சரி. 21 வயது நிரம்பாதவர்களுக்கு டேஸ்டிங் கிடையாது. அடையாள அட்டை கேட்பார்கள்.

குழுவில் ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்றால் அதோடு பேச்சு முடிந்தது. "ஒரே ஒரு வாய்தானே" என்று வற்புறுத்துபவரைக் கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது. குடிக்காதவரும் தோட்டம் பார்க்கலாம், ஆலை பார்க்கலாம், முகர்ந்தே பாதி கற்றுக்கொள்ளலாம்.

ஒரு சின்னக் கணக்கு

ஐந்து வகை, தலா 40 மில்லி. மொத்தம் 200 மில்லி. ஒயினில் ஆல்கஹால் சுமார் 13 சதவிகிதம். அப்படியென்றால் உடலுக்குள் போவது ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் எதையும் துப்பாமல் விழுங்கியிருந்தால், அந்த வரம்பைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். 'நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்' என்பது பிரெத் அனலைஸருக்குப் புரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி, முதல் முறை சிக்கினாலே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், செங்கம் ரோட்டில் ராத்திரி எதிரே வரும் லாரிக்கு நீங்கள் குடித்தது ஒயினா, பீரா என்று தெரியாது.

இன்னொன்று, பாட்டில். தோட்டத்துக் கடையில் பார்த்ததும் ஆசை வரும். ஆனால், வெளிமாநில மதுவை உரிய அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். புதுச்சேரி எல்லையில் வண்டிகளைச் சோதிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஓசூர் வழியாக வந்தாலும் அதே சட்டம்தான். ஞாபகத்துக்கு போட்டோ போதும்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

- டூர் நேரம், கட்டணம், எத்தனை வகை ருசிக்கத் தருவார்கள் என்பதை முன்பே போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். சீஸனுக்குச் சீஸன் மாறும்.
- எல்லோரும் ஒரிஜினல் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.
- வெறும் வயிற்றில் டேஸ்டிங் வேண்டாம். வகைக்கு வகை நடுவில் தண்ணீர் குடியுங்கள்.
- தோட்டத்தில் நடக்க ஷூ, தொப்பி அவசியம்.
- ருசி பார்த்த அன்று பெங்களூரு பக்கமே தங்குங்கள். மறுநாள் காலையில் நந்தி மலை ஏறலாம். அங்கேயும் திப்பு சுல்தான் காலத்துக் கோட்டை ஒன்று இருக்கிறது. ராஜகிரி படிகளை ஏறிப் பழகிய கால்களுக்கு அது ஜுஜுபி!
- ஒவ்வொரு வகைக்கும் போனில் இரண்டு வரி எழுதிவையுங்கள், தமிழிலேயே. மூன்றாவது கோப்பைக்குப் பிறகு முதலாவது மறந்துபோகும்.

திரும்பி வரும்போது எத்தனை மில்லி குடித்தோம் என்பதைவிட, எது துவர்த்தது, எது புளித்தது, ஏன் அப்படி என்று பக்கத்து சீட்காரரிடம் சொல்ல முடிந்தால், கொடுத்த காசுக்கு டூர் வொர்த்து.