நிணநீர்க் குழல்களின் தோற்றம்

நிணம் என்னும் சொல் கொழுப்பைக் குறித்துச் சங்க நூல்களில் பயின்று வருதலைத் தமிழ் கற்றோர் அறிவர். உடற்கூற்று நூலார் இன்று வழங்கும் நிணநீர் என்னும் தொடர் அச்சொல்லை முதலாகக் கொண்டது. மேலைநாட்டார் இந்நீர்க்கு இட்ட இலத்தீன் பெயரோ தெளிந்த நீர் என்னும் பொருட்டு. இவ்விரு பெயர்க்கும் உரிய காரணத்தையும், இந்நீர் செல்லும் குழல்கள் கருவில் தோன்றும் முறைபற்றி அறிஞரிடையே எழுந்த கருத்து மாறுபாட்டையும் ஈண்டு ஆராய்வோம்.

1622ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் கசுபாரே அசெல்லி, உணவுண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்து நோக்கியபொழுது, குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற இழைகள் பரந்து கிடத்தலைக் கண்டார். நரம்பென எண்ணி ஒன்றை அறுத்தார். பால்போன்ற நீர் வெளிப்பட்டது. உணவின் கொழுப்பை ஏற்றுச் செல்லும் குழல்கள் அவை. அவை கல்லீரலை அடைவன என அவர் கொண்டது பொருந்தாது. அந்நீர் மார்புக் குழல் வழியே மேலேறிக் கழுத்தடிச் சிரையிற் கலத்தலைப் பிரெஞ்சு அறிஞர் பெக்கே 1651இல் வெளியிட்டார். உடலின் பிற பகுதிகளில் தெளிந்த நீர் செல்லும் குழல்களைக் கண்டு 1653இல் அவ்விலத்தீன் பெயரை வழங்கியவர் தேனிய நாட்டுப் பார்த்தோலின். சுவீடன் நாட்டு ருட்பெக், தாமே முற்படக் கண்டதாக அவரோடு வாதிட்டார். ஆகவே, குடற்பகுதியிற் பால்நிறமும் பிற இடங்களில் தெளிவும் உடைய இந்நீர்க்கு இரு பெயரும் தக்கனவே.

இக்குழல்கள் திசுக்களிடையே ஒருமுனை மூடிய நுண்குழல்களாகத் தொடங்குகின்றன; பின்னர்க் கூடிப் பெருத்து, நீர் பின்னோக்கி ஓடாதவாறு காக்கும் தடுக்கிதழ்கள் பெற்று, இடையிடையே நிணநீர்க் கணுக்களைக் கடந்து, கழுத்தடிச் சிரைகளில் முடிகின்றன. ஒருமுனை திசுவிலும் மறுமுனை சிரையிலும் இருத்தலின், இவை எம்முனையினின்று வளர்ந்தன என்னும் வினா எழுந்தது.

அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்துப் புளோரன்சு சேபின் அம்மையார், பன்றிக் கருக்களில் மையைச் செலுத்தி ஆராய்ந்து, தம் முடிபை 1902இல் வெளியிட்டார். கரு வளருந்தோறும் மை பரவும் எல்லையும் விரிந்தது. எனவே, சிரையினின்று அரும்பும் பைகளே வெளிநோக்கி முளைவிட்டு உடலெங்கும் படர்கின்றன என்றார். அண்டிங்டன், மெக்குளூர் என்போர் பூனைக் கருக்களை மெல்லிய சீவல்களாக்கி நுண்பெருக்கியில் நோக்கினர். திசுக்களிடையே தனித்தனி இடைவெளிகள் தோன்றி, அவை பின்னர் இணைந்து குழலாகின்றன என 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் வாதிட்டனர்.

இருசாராரும் கண்டதையே கூறினர். ஆயினும், தொடர்புள்ள வழியிலன்றி மை செல்லாது. தனித்த இடைவெளி இருப்பினும் அது புலப்படாது. சீவலோ வளர்ச்சியின் ஒரு கணத்தையே காட்டும். அதிற் காணப்படும் உயிரணு எங்கிருந்து வந்தது என்பதனை அது கூறாது. இவ்விரு முறைகளால் வழக்குத் தீராமை வியப்பன்று.

பிராக்சு-1 என்னும் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் கருக்களில் நிணநீர் மண்டலம் உருவாகாமையை விகிள், ஆலிவர் என்போர் 1999இல் காட்டினர். சிரைச்சுவரின் சில உயிரணுக்களில் அம்மரபணு செயற்படத் தொடங்க, அவை நிணநீர்க்குழல் உயிரணுக்களாக மாறி வெளியேறுகின்றன. உயிரணுக்களின் வழிமுறையைத் தொடர்ந்து காணும் ஆய்வு 2007இல் இதனை உறுதிப்படுத்தியது. முக்காற் பங்கு நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற வழக்கில் சேபினின் கொள்கை வலுப்பெற்றது. எனினும், சுண்டெலியின் தோல், இதயம், குடல்தாங்கி ஆகியவற்றிலுள்ள நிணநீர்க் குழல்களின் ஒரு பகுதிக்குச் சிரையல்லாத மூலமும் உண்டு என 2015இல் வெளிவந்த ஆய்வுகள் கண்டன. அண்டிங்டன் கூறியவாறே அவை அமையவில்லை. ஆயினும் மூலம் ஒன்றன்று என்னும் அளவில் அவர் ஐயம் வீண்போகவில்லை.

சொற்பிறப்பையும் நூல்களின் மூலத்தையும் ஆராயும் நமக்கும் இவ்வரலாறு பயன்படும் எனக் கருதுகின்றோம். கிடைத்த சான்றைக் கூறுவதோடு, நாம் கையாளும் முறைக்குப் புலப்படாதது யாது என்பதனையும் முடிபுரைக்கும்முன் ஆராய்தல் வேண்டும்.