மூச்சுக்காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு? வீட்டிலேயே செய்யும் மெழுகுவர்த்தி சோதனை. கிணற்றில் இறங்கும் முன் ஏன் அது மட்டும் போதாது?

பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டாரத்தில் விவசாயக் கிணறுகள் அதிகம். தூர் வாரவோ, மோட்டாரைப் பழுது பார்க்கவோ கிணற்றுக்குள் இறங்கும் முன், ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. சரி, அணையாமல் எரிந்தால் இறங்கலாமா?

இதற்கான பதில் பள்ளி மாணவர்கள் செய்யும் ஒரு எளிய சோதனையில் இருக்கு. நாம வெளியே விடும் மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கு என்று பார்க்கும் சோதனைதான் அது.

மூச்சில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுமா?

இல்லை. நாம இழுக்கும் காற்றில் நைட்ரஜன் சுமார் 78 சதவீதம், ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம். வெளியே விடும் மூச்சில் ஆக்சிஜன் சுமார் 16 சதவீதமாகக் குறையும். கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதமாக உயரும். நைட்ரஜனில் பெரிய மாற்றம் இருக்காது.

அதாவது, இழுத்த ஆக்சிஜனில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது. மீதி அப்படியே வெளியே வந்துவிடுகிறது. மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதும் முதலுதவி பலன் தருவதும் இதனால்தான்.

சோதனையை எப்படிச் செய்வது?

தேவையானவை: ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி பாட்டில்கள், ஒரு பேசின் தண்ணீர், ரப்பர் டியூப், தட்டையான மூடி, சிறிய மெழுகுவர்த்தி, நேரம் பார்க்க செல்போன். நெருப்பு இருப்பதால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கணும்.

1. முதல் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொட்டிவிடுங்க. இப்போ அதில் இருப்பது சாதாரண காற்று. எரியும் மெழுகுவர்த்தி மேல் கவிழ்த்து, எத்தனை விநாடியில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்க.

2. இரண்டாவது பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, பேசின் தண்ணீருக்குள் தலைகீழாக நிறுத்துங்க. டியூபின் ஒரு முனையைப் பாட்டில் வாய்க்குள் விட்டு, மறு முனையில் ஊதுங்க. மூச்சு உள்ளே போகப் போகத் தண்ணீர் வெளியேறும்.

3. மூச்சின் முதல் பகுதியை வெளியே விட்டுவிட்டு, கடைசிப் பகுதியை மட்டும் பாட்டிலுக்குள் ஊதுங்க. முதலில் வருவது மூச்சுக்குழாயில் நின்றிருந்த புதுக் காற்று. நுரையீரலின் ஆழத்திலிருந்து வருவது கடைசிப் பகுதிதான்.

4. பாட்டில் வாயைத் தண்ணீருக்குள்ளேயே மூடியால் அடைத்து வெளியே எடுங்க. எரியும் மெழுகுவர்த்தி மேல் கொண்டுபோய், மூடியைச் சட்டென்று இழுத்துவிட்டுக் கவிழ்த்துங்க.

மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் நல்லது. மூச்சு நிரப்பிய பாட்டிலில் சுடர் மிக வேகமாக, சில சமயம் உடனேயே அணைந்துவிடும்.

காரணம், காற்றில் ஆக்சிஜன் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போது மெழுகுவர்த்தி எரிய முடியாமல் தடுமாறும். நம் மூச்சும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் நிற்கிறது.

தண்ணீர் ஏறுவதை வைத்து அளக்கலாமா?

தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று பலரும் சொல்வது தவறு. சூடாகி விரிந்த காற்று, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதுதான் முக்கியக் காரணம். ஆக்சிஜன் பாதிக்கு மேல் உள்ளேயே இருக்கும்.

சாதாரண காற்றில் உள்ள ஆக்சிஜனை நிஜமாகவே அளக்கணும்னா இரும்பு நார் போதும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் பெரும்பாலும் துருப்பிடிக்காது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரும்பு நார் வேணும். அதைச் சில நிமிடம் வினிகரில் ஊறவைத்துப் பிழிந்து, உயரமான கண்ணாடிக் குழாயின் அடியில் திணித்து, தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வைங்க. துருப்பிடிக்கும்போது இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், 20 செ.மீ. குழாயில் தண்ணீர் சுமார் 4 செ.மீ. ஏறியிருக்கும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு.

மூச்சுக்காற்றுக்கு இந்த முறை சரிவராது. அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரில் கரைவதால் கணக்கு தப்பிவிடும். அதனால் மூச்சுக்கு மெழுகுவர்த்தி ஒப்பீடே எளிது.

கிணற்றில் விளக்கு எரிந்தால் இறங்கலாமா?

கூடாது. 19.5 சதவீதத்துக்குக் கீழே ஆக்சிஜன் போனாலே அந்த இடம் ஆபத்தானது என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. சுடர் அணைவதோ சுமார் 16 சதவீதத்தில். நடுவில் உள்ள அளவில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், விளக்கு ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும், விஷவாயுவைக் காட்டாது. அழுகிய கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு, காற்றில் 0.01 சதவீதம் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. டீசல் இன்ஜின் புகையிலும், வெடி வைத்த பிறகும் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால், இறக்கும் சுடரே வெடிவிபத்தை உண்டாக்கிவிடும்.

2020 ஜூலையில் பெரம்பலூரை அடுத்த செல்லியம்பாளையத்தில், கிணற்றுக்குள் சிக்கியவர்களை மீட்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவரே விஷவாயு தாக்கி உயிரிழந்தார்.

என்ன செய்யணும்?

• விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. எரிந்தால் பாதுகாப்பு என்றும் நினைக்கக் கூடாது.

• ஆக்சிஜனையும் விஷவாயுவையும் காட்டும் கருவியால் சோதித்து, ப்ளோயர் மூலம் புதுக் காற்றைச் செலுத்திய பிறகே, பாதுகாப்புக் கயிற்றோடு, மேலே ஆள் நிற்க இறங்கணும். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீங்க.

• செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கவே கூடாது. இயந்திரம்தான் வழி.

• உள்ளே ஒருவர் மயங்கினால், காப்பாற்றும் பதற்றத்தில் பின்னாலேயே குதிக்காதீங்க. உடனே 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101 எண்ணுக்கு அழைங்க. இப்படிப்பட்ட விபத்துகளில் இரண்டாவது, மூன்றாவது உயிர் போவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.