யாப்பறிந்தவர் தந்த சொல்



செய்யுளின் விதிகளைப் பற்றி நூலெழுதிய ஒருவரே கணிதத்துக்கும் இரசாயனவியலுக்கும் பொதுவான ஒரு சொல்லைத் தந்தார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்ரர். 1837 இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர். யூதரான அவர் ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்று ஒப்பமிட மறுத்தார். அதனால் 1872 வரை அப்பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கவில்லை. 1870 இல் யாப்பு நூலை வெளியிட்ட அவர், 1878 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் மூலக்கூறுகளின் படங்களுக்குக் 'கிராப்' என்று பெயர் சூட்டினார். நாம் அதனை 'வரைபு' என்கிறோம். அணுக்களைப் புள்ளிகளாகவும் பிணைப்புகளைக் கோடுகளாகவும் கொள்வதே வரைபு.

பெயர் பிந்தியது, பொருள் முந்தியது. கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து உலா வரமுடியாது என 1735 இல் ஒய்லர் நிறுவினார். 1750 இல் இன்னொரு விதியையும் கண்டார். பெட்டி போன்ற ஒரு திண்மத்தின் உச்சிகளையும் முகங்களையும் கூட்டி, விளிம்புகளைக் கழித்தால் எப்போதும் 2 எஞ்சும். இதனால் என்ன பயன் என்று அன்று எவரும் கேட்டிருந்தால், ஒய்லரிடம் விடை இருந்திராது.

விடை இரு நூற்றாண்டுகளின் பின்னர் வந்தது. 1985 இல் 60 காபன் அணுக்கள் கொண்ட உதைபந்து வடிவ மூலக்கூறு கண்டறியப்பட்டது. அதில் அறுகோணிகள் 20, ஐங்கோணிகள் 12. ஒவ்வோர் அணுவும் மூன்று அயலணுக்களோடு இணைய, ஐங்கோணிகளாலும் அறுகோணிகளாலும் மட்டுமே மூடிய கூடு அமையுமாயின், ஐங்கோணிகள் சரியாகப் பன்னிரண்டு இருந்தே ஆகவேண்டும். அது ஒய்லரின் கட்டளை.

1991 இல் யப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா காபன் நனோகுழாய்களை விவரித்தார். அறுகோணிகளால் மட்டும் ஆன வலையைச் சுருட்டினால் நேரான குழாய் கிடைக்கும். அது கிளைவிட வேண்டுமானால்? மூன்று குழாய்கள் கூடும் சந்தியில் வலை குதிரைச் சேணம்போல் வளையவேண்டும். அதற்கு எழுகோணிகள் தேவை. அதே விதியை மூன்று திறந்த வாய்களுக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டால், அறுகோணிகளோடு ஆறு எழுகோணிகள் என்று விடை வருகிறது. ஐங்கோணி ஒன்று கூடினால் எழுகோணியும் ஒன்று கூடவேண்டும். எண்கோணி ஒன்று இரண்டு எழுகோணிகளுக்குச் சமம்.

இத்தகைய சந்திகளை ஆய்வாளர்கள் 1992 இலேயே தாளில் வரைந்துவிட்டனர். 2002 இல், குறுக்காகக் கிடந்த குழாய்களை உயர்வெப்பத்தில் இலத்திரன் கற்றையால் ஒட்டவைத்துக் கிளைகளை ஆக்கிக் காட்டினர்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. எழுகோணிகள் எத்தனை என்று விதி சொல்லும். அவை எங்கே அமரும் என்று சொல்லாது. குழாயில் மின் ஓடும் விதமோ அந்த இடத்தையும் பொறுத்தது. வெண்பாவின் ஈற்றடிக்கு மூன்று சீர் என்று யாப்பு சொல்லும். எந்தச் சொல் என்று அது சொல்வதில்லையே!

"இலக்கணத்தால் என்ன பயன், சேர்?" என்று மாணவர் வகுப்பில் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சில்வெஸ்ரர் நினைவுக்கு வருகிறார். பட்டம் மறுக்கப்பட்ட அந்த மனிதர் செய்யுளிலும் அணுவிலும் கட்டமைப்பையே தேடினார். பயன் பிந்தி வரலாம், தேடல் முந்தவேண்டும்.