தார்த்தாள் கொட்டகையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

அமெரிக்கப் பள்ளிகளின் நிறப் பிரிவினை என்றதும் 1960இல் நியூ ஆர்லியன்சில் காவலர்கள் சூழப் பள்ளிக்குள் நுழைந்த ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் நினைவுக்கு வருகிறாள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் என்ற சிற்றூரில் 16 வயதுப் பெண்ணொருத்தி ஒரு பள்ளியையே வெளியே அழைத்து வந்தாள். அவள் பெயர் பார்பரா ஜான்ஸ்.

அவள் படித்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளுக்கு என ஒதுக்கப்பட்டது. சுமார் 180 பேருக்காகக் கட்டிய இடத்தில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாது என்று பெற்றோர் முறையிட்டபோது கல்வி வாரியம் போட்டுக் கொடுத்தவை தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகள். மழை வந்தால் ஒழுகும். வெள்ளையர் பள்ளியில் இருந்த உடற்பயிற்சிக்கூடமும் உணவுக்கூடமும் இங்கே இல்லை.

1951 ஏப்ரல் 23 அன்று ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பால் தலைமையாசிரியர் வெளியே போனார். அவர் பெயரால் எழுதிய குறிப்பை நம்பி எல்லோரும் அரங்கில் கூடினார்கள். மேடையில் நின்றவள் பார்பரா. ஆசிரியர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, வகுப்புப் புறக்கணிப்புக்கு அழைத்தாள். இரண்டு வாரம் யாரும் வகுப்புக்குத் திரும்பவில்லை.

மாணவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம். உதவிக்கு வந்த என்.ஏ.ஏ.சி.பி. வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பிரிவினையையே எதிர்ப்பதானால்தான் வழக்கு. பிள்ளைகளும் பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். சலுகைக் கோரிக்கை சமத்துவக் கோரிக்கையானது அங்கேதான். மே 23 அன்று 117 மாணவர்கள் பெயரில் வழக்கு தாக்கலானது. 1954இல் பள்ளிப் பிரிவினையைச் சட்டவிரோதம் என்று அறிவித்த பிரவுன் தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளில், மாணவர் போராட்டத்தில் பிறந்தது இது ஒன்றுதான்.

விலை பெரிது. பாதுகாப்புக்காகப் பார்பராவை மாண்ட்கோமரியில் இருந்த பெரியப்பா வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பினார்கள். சேர்ந்து படிக்க விடுவதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று 1959இல் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்ட நிர்வாகம் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஆண்டுக்கணக்கில் படிப்பை இழந்தார்கள். உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பிறகு, 1964இல்தான் கதவுகள் திறந்தன.

தீர்ப்புக்கும் திறந்த கதவுக்கும் இடையே பத்தாண்டுகள். அந்தப் பத்தாண்டைச் சுமந்தவை பிள்ளைகளின் தோள்கள். வீரச் சிறுமி என்று போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால், அவளைத் தனியே மேடையேற வைத்த பெரியவர்களின் உலகம் கேள்விக்குத் தப்பிவிடும்.